குவைத் தினாரும் லெட்சுமாங்குடி பற்று நோட்டும்

லெட்சுமாங்குடி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் அவருடைய மகன் கடையின் பின்கட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சாக்கு நிறையப் பழைய பற்று நோட்டுகள் கிடைத்தன. "எடைக்குப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துடுங்க சார், உங்களுக்குத்தான் பழைய காகிதம்னா பிடிக்குமே" என்று ஆள் அனுப்பினார். நீளவாக்கில் தைத்த, அட்டை பிய்ந்த நோட்டுகள். எலி தின்றது போக இருபது இருபத்தைந்து தேறியது. நான் தேடியது 1990ஆம் வருஷத்து நோட்டை. அது கிடைத்தது.

அதில் என் தங்கை வீட்டுக் கணக்கும் இருக்கிறது. ஆனால் தங்கையின் பெயரில் இல்லை. மேலே என் மைத்துனரின் பெயரை எழுதி, பக்கத்தில் 'குவைத்' என்று போட்டிருக்கிறார். இந்த ஊரில் அந்தக் காலத்துப் பற்று நோட்டெல்லாம் அப்படித்தான். கடைக்கு வந்து வாங்குபவர் பெண்ணாகவோ சிறு பையனாகவோ இருப்பார். கடன் கொடுக்கப்பட்டதோ கடலுக்கு அப்பால் இருக்கும் சபுராளிக்கு. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் என்றோ பினாங்கு என்றோ குவைத் என்றோ இருக்கும் ஒரு சொல்தான் ஜாமீன்.

கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று ஏன் சொல்கிறார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, அப்புறம் போர்ட் சுவெட்டன்ஹாம், அப்புறம் சிங்கப்பூர். 'ரஜுலா' கப்பலில் போய் வந்த பெரியவர்கள் எங்கள் வயதுக்காரர் எல்லோர் வீட்டிலும் இருந்தார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியபின் பயணம் மேற்குப் பக்கம் திரும்பியது. குவைத், சவூதி, துபாய். கப்பல் போய் விமானம் வந்தது. பற்று நோட்டு மாறவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் 'சூத்யூர்' என்று ஒரு சொல் உண்டு. உலோகத்தைப் பற்றவைப்பது என்று பொருள். போன அறுவடையின் தானியம் தீர்ந்து, அடுத்த அறுவடை வீட்டுக்கு வருவதற்குள் இருக்கிற பஞ்ச மாதங்களுக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். இரண்டு அறுவடையையும் ஒட்டவைக்கும் காலம் என்று கணக்கு. நம் டெல்டாவில் அந்த ஒட்டு வேலையைச் செய்தது கடைப் பற்று. நம் சொல்லிலேயே 'பற்று' இருக்கிறது பாருங்கள். விவசாயக் கூலிக்கு ஆடியிலிருந்து தை வரை, சபுராளி வீட்டுக்கு ஒரு டிராஃப்டிலிருந்து அடுத்த டிராஃப்ட் வரை. இரண்டு கணக்கும் ஒரே நோட்டில்தான் இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அக்கரையில் ஒருவருக்கு வேலை போனால் இக்கரையில் பாக்கி நிற்கும் என்பது 1990ல் புதிதாக வந்த சங்கதி அல்ல. மூன்று தடவையாவது அதற்கு முன் நடந்திருக்கிறது.

முதல் தடவை 1942. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் நின்றது, தபால் நின்றது, மணியார்டர் நின்றது. மூன்றரை வருஷம். மலாயாவில் இருந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. இங்கே கடைக்காரர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது கதவைச் சாத்த வேண்டும். யுத்தம் முடிந்து 1945ல் வெள்ளைக்காரன் திரும்பியதும், ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் செல்லாது என்று ஆகிவிட்டது. வாழைமர நோட்டைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அதைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு கிடந்தது. பத்து டாலர் நோட்டு, அச்சு நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது பர்மா. 1964 மார்ச்சில் நெ வின் அரசாங்கம் கடைகளை அரசுடைமையாக்கியது. மே 17ஆம் தேதி 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடையும் போய், கல்லாவில் இருந்ததும் போய்க் கப்பலேறியவர்கள் லட்சக்கணக்கில். எங்கள் காரைக்காலில் இதே கதைக்கு 1975ல் சைகோன் என்று பெயர்.

மூன்றாவது மலேசியா. இது கொஞ்சம் வேறு மாதிரி. 1969 மே 13 கோலாலம்பூர் கலவரம் எல்லோருக்கும் தெரியும். அதே வருஷத்தில்தான் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்கவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் முப்பது வருஷம் அங்கேயே உழைத்திருந்தாலும் அந்நியர். சுமார் 60,000 இந்தியர்கள் அந்தச் சமயத்தில் திரும்பினார்கள் என்று கணக்கு. ரஜுலாவில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல். இங்கே யாருக்கும் அவர்களால் வேலை சொல்லவும் முடியாது, அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவும் மாட்டார்கள். பள்ளிவாசல் திண்ணையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து பழைய 'தமிழ் நேசன்' பத்திரிகையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பாக்கிகள் மெதுவாக, நிலம் விற்றும் நகை விற்றும் தீர்ந்தன. ஒரேயடியாக வந்த அடி இல்லை அது.

குவைத் ஒரேயடியாக வந்தது.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. மறுநாள் ஆடிப்பெருக்கு. நான் காரைக்காலில் அலுவலகத்தில் இருந்தேன். இராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டது என்று சாயங்காலம் வானொலியில் கேட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், பெட்ரோல் விலை ஏறும் என்றுதான் முதலில் நினைத்தேன். தங்கை ஞாபகம் இரவில்தான் வந்தது. சனிக்கிழமை பஸ் பிடித்துத் திருவாரூர் வழியாக இங்கே வந்தால், தெருவில் வீட்டுக்கு வீடு ரேடியோவைச் சுற்றி ஆட்கள். குவைத்துக்குப் போன் போகவில்லை. கடிதம் போகாது. இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை வரும்வரை யாரும் சாப்பிட உட்காரவில்லை.

அப்போது குவைத்தில் இருந்த இந்தியர்கள் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு அருகில். வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாத் போனார், சதாமைக் கட்டித் தழுவினார், அந்தப் படத்துக்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆட்களை வெளியே கொண்டுவர அந்தக் கதவைத்தான் தட்டியாக வேண்டும். பாஸ்ரா, பாக்தாத் வழியாகப் பஸ்ஸில் பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் நகரம். அங்கிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அக்டோபர் வரை 488 தடவை விமானம் பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது. சமீபத்தில் இதை வைத்து இந்தியில் சினிமாகூட எடுத்தார்கள். சினிமா விமானம் இறங்குவதோடு முடிந்துவிடும். பாக்கிக்காரர்கள் காத்திருந்தது அதற்கப்புறம்தான்.

என் மைத்துனர் செப்டம்பர் கடைசியில் கொரடாச்சேரி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு தஸ்பீஹ் மணி, 430 குவைத் தினார். படையெடுப்புக்கு முதல் நாள் ஒரு தினார் 60 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. அப்படியானால் 25,000 ரூபாய்க்கு மேல். இராக்காரன் குவைத் தினாரும் இராக் தினாரும் ஒன்று என்று உத்தரவு போட்டு, பிறகு குவைத் தினாரே கிடையாது என்று சொல்லிவிட்டான். அம்மானில் யாரும் மாற்றவில்லை. பம்பாயில் மாற்றவில்லை. "வச்சிரு, ஒரு நாளைக்கு ஆகும்" என்று மாமியார் அதை வாங்கிக் குர்ஆன் வைக்கும் மாடத்தில் வைத்தார். பரணில் கிடந்த வாழைமர நோட்டு எனக்கு ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை. (1991 மார்ச்சில் விடுதலை பெற்ற குவைத் புது நோட்டு அடித்தது. பழைய நோட்டில் இராக்காரன் மத்திய வங்கியிலிருந்து கொள்ளையடித்த வரிசை எண்களைத் தள்ளி மற்றதை மாற்றித் தந்தது. இவருடையதில் பாதிக்குமேல் தள்ளுபடி எண்கள்.)

இப்போது நோட்டுக்கு வருகிறேன். ஜூலை மாதம் தங்கை வீட்டுக் கணக்கில் பாதாம் இருக்கிறது, ஹார்லிக்ஸ் இருக்கிறது, நெய் ஒரு கிலோ, உளுந்து இரண்டு கிலோ, சோப்பு ஆறு. ஆகஸ்ட் 2ஆம் தேதிக்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் வாங்கவில்லை. வாங்க வெட்கம், அல்லது பயம். அப்புறம் ஆரம்பிக்கிறது. பாதாம் இல்லை. செப்டம்பரில் ஹார்லிக்ஸ் இல்லை, நெய் 100 கிராம். ஐப்பசியில் உளுந்து அரை கிலோ. மார்கழியில் பார்த்தால் புளி, உப்பு, மிளகாய், டீத்தூள் 50 கிராம், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். கடைக்காரர் ஒரு நாளும் 'இல்லை' என்று சொன்னதில்லை என்று தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். பொட்டலம் தானாகச் சின்னதாயிற்று. இரண்டு பக்கத்துக்கும் மானம் தெரியும்.

மளிகை மட்டும்தானா? பால்காரர். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வரும் கரண்ட் பில். பள்ளிக்கூடத்தில் பெரிய பையனுக்குப் பரீட்சைப் பணம். மாமியாரின் சர்க்கரை வியாதிக்கு மருந்துக் கடையில் தனிப் பற்று. ஏற்கெனவே எடுத்துச் செலவழித்துவிட்ட ஏலச் சீட்டுக்கு மாதம் 300 கட்ட வேண்டும். எடுத்த சீட்டுக்குக் கட்டாமல் இருந்தால் கழுத்தைப் பிடிப்பார்கள், சரிதானே, மற்ற சீட்டுக்காரர்கள் பணம் அது. எல்லாவற்றுக்கும் மேலே பாதி எழும்பி நின்ற வீடு. சுவர் முடிந்து தளம் போட வேண்டிய நேரத்தில் யுத்தம். கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு துருப்பிடித்தன. அந்த வருஷம் ஊரில் அப்படி எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்க்கலாம் போலிருந்தது. செங்கல் சூளைக்காரருக்குப் பாக்கி, மேஸ்திரிக்குப் பாக்கி, மேஸ்திரியிடம் வேலை செய்த சித்தாளுக்கு வேலையே இல்லை.

நான் முன்னால் சொன்ன அந்த ஒரே நோட்டு விஷயம் இங்கேதான். சபுராளி வீடுகளிலிருந்து வரவு நின்றதும் கடைக்காரர் கும்பகோணத்து மொத்த வியாபாரிக்குப் பதினைந்து நாள் தவணையில் கட்ட முடியவில்லை. அவருக்குச் சரக்குக் குறைந்தது. அவர் விவசாயக் கூலிகளின் பற்றைச் சுருக்கினார். நோட்டில் தெளிவாகத் தெரிகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குடியானத் தெரு ஆட்களின் கணக்குகள், வழக்கமாகத் தை வரை ஓடுபவை, அந்த வருஷம் புரட்டாசியிலேயே நிற்கின்றன. குவைத் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாத வீடுகளில் அந்த ஐப்பசி மழைக்கு அடுப்பு எரியவில்லை. குவைத் யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுதும்போது அவர்களை யாரும் சேர்ப்பதில்லை.

நகைகள் போயின. வட்டி கூடாது என்பது மார்க்கம். ஊரில் கைமாற்றாக, வட்டியில்லாமல், ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் வழக்கம் உண்டு. ஆனால் ஒரே சமயத்தில் தெருவில் பாதி வீடு கேட்கிற பக்கம் ஆகிவிட்டால் கொடுக்கிற பக்கம் யார்? தங்கை முதல் வளையல் ஜோடியை உள்ளூரில் வைக்காமல் மன்னார்குடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். டாக்டர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாளாம். அடகுக் கடைக்குள் போனால், பஸ்ஸில் வந்த அதே இரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் டாக்டர் வீட்டுக்குத்தான் வந்தவர்கள்.

நாடும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவிலிருந்து வரும் பணம் சுருங்கி, இறக்குமதிக்குக் கட்ட அன்னியச் செலாவணி இல்லாமல் போயிற்று. 1991 மே மாதம் 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு சுவிட்சர்லாந்து வங்கிக்கு விற்றார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன்னை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்தது. செய்தி வெளியானபோது பாரதமாதாவின் தாலியை அடகு வைத்துவிட்டார்கள் என்று காரைக்காலில் மேடை போட்டுப் பேசினார்கள். என் தங்கை அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்ததுண்டு. இந்தியாவுக்காவது மன்னார்குடி பஸ்ஸில் யாரும் தெரிந்தவர்கள் இல்லை.

கடன் நிவாரணம் என்று ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, வேடிக்கை அதுதான். அதே 1990ல், மே மாதம், வி.பி.சிங் அரசாங்கம் 10,000 ரூபாய் வரை விவசாய, கிராமக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. ராஜாஜி 1938லேயே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். நம் தஞ்சை ஜில்லா மிராசுதார்கள் அதில் நன்றாகவே பிழைத்தார்கள். ஆனால் அந்த 1990 தள்ளுபடியில் கடனாளி என்றால் விவசாயி, நெசவாளி, கைவினைஞர். வேலை போனவன் என்று ஒரு இனம் கிடையாது. அதிலும் அவன் மாடி வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டான், மனைவி கையில் வாட்ச் இருக்கிறது, அவன் எப்படி ஏழை ஆவான்? வங்கிக் கடனாக இருந்தால்தான் தள்ளுபடி. பற்று நோட்டுக்கும் அடகுச் சீட்டுக்கும் அதில் தள்ளுபடி கிடையாது. குடும்ப அட்டை வைத்திருந்தும் அதுவரை வேலைக்காரப் பெண்ணை அனுப்பிவந்த வீட்டுப் பெண்கள், 1990 கார்த்திகையில் முதல் தடவையாக ரேஷன் கடை வரிசையில் தாங்களே முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். அரசாங்கத்திலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது அந்த அரிசிதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. 1990 டிசம்பரில் மைத்துனர் காரைக்காலுக்கு என் வீட்டுக்கு வந்தார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 8,000 ரூபாய் கடன் கிடைக்கும், சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். "மச்சான், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். விசா கெடச்சதும் மொத மாசத்துலேந்து கட்டிடுறேன்" என்றார். அதுவரை என்னிடம் அவர் எதுவும் கேட்டவர் இல்லை. என் பையனின் முதல் பேனா குவைத்திலிருந்து வந்தது. நான் சர்வீஸ் விதி இடம் கொடுக்காது என்றேன். விதி அப்படி ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் "சரி மச்சான், பரவாயில்ல" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார். குடிக்காமல் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

1992 தொடக்கத்தில் அவர் துபாய் போனார். பழைய சம்பளத்தில் பாதி. விசாவுக்கு ஏஜெண்டிடம் கொடுத்தது புதுக் கடன். வேலை கிடைத்துவிட்டால் பாக்கி தீர்ந்துவிடும் என்று நினைப்பது வெளியே இருப்பவர்கள் கணக்கு. நோட்டில் 11,270 ரூபாய் என்று நின்ற கணக்கு மாதம் 100, 150 என்று இறங்குகிறது. சில மாதம் ஏறவும் செய்கிறது.

இதற்கிடையில் ஜெனீவா வந்தது. 1991 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 687ஆம் தீர்மானப்படி, இராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து நஷ்டஈடு தர ஒரு ஆணையம் அமைத்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 27 லட்சம் மனுக்கள். இந்தியாவிலிருந்து மட்டும் லட்சத்துக்கு மேல். தில்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்தார்கள். ஒரு விஷயத்தில் அந்த ஆணையத்தைப் பாராட்ட வேண்டும். கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் முன்னால் தனி ஆட்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். உலகத்தில் வழக்கமாக நடப்பது அதற்கு நேர்மாறு.

படிவம் நிரப்புவது எனக்குக் கைவந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பத்துப் பேராவது பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'ஏ' பிரிவு என்பது குவைத்தை விட்டு வெளியேறியதற்கு மட்டும். தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு எந்தப் பிரிவிலும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000, 8,000. 'சி' பிரிவு என்றால் போன சம்பளம், போன சாமான், வங்கியில் இருந்தது எல்லாவற்றையும் ஒரு லட்சம் டாலர் வரை கேட்கலாம், ஆனால் விவரம் காட்ட வேண்டும். என் மைத்துனருக்கு ஏழு மாதச் சம்பளப் பாக்கி இருந்தது. நான் 4,000 போதும், கைக்கு வருவதைப் பாருங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். 'சி'யில் போட்ட சிலருக்குப் பின்னால் அதைவிட அதிகம் வந்தது. அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு எந்தப் படிவத்தில் கட்டம் குறைவோ அதுதான் நல்ல படிவம் என்று தோன்றும்.

விலாசம் எழுதிய கதையையும் சொல்லிவிடுகிறேன். யுத்தம் வந்தபோது இந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டம். 1991 அக்டோபரில் நாகப்பட்டினம் மாவட்டம். 1997 ஜனவரியில் திருவாரூர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, பாஸ்போர்ட்டில் ஒரு மாவட்டமும் மனுவில் ஒரு மாவட்டமும் வங்கிப் புத்தகத்தில் ஒரு மாவட்டமும் ஆயிற்று. மூவரும் ஒரே ஆள்தான் என்று சான்றிதழ் வாங்க அலைந்தவர்கள் பலர்.

இராக் எண்ணெய் விற்க ஐ.நா. அனுமதித்து, 1996 டிசம்பரில் விற்பனை தொடங்கிய பிறகுதான் பணம் ஓடத் தொடங்கியது. மைத்துனருக்கு முதல் தவணை 1998ல். டாலர் 40 ரூபாயைத் தாண்டியிருந்தது. இரண்டாவது தவணையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். நல்ல தொகை. ஆனால் 1990 மார்கழியில் 8,000 ரூபாய் வந்திருந்தால் விற்றிருக்க வேண்டாத நகை அதற்குள் மீட்க முடியாமல் ஏலத்தில் போயிருந்தது. ஒத்திப்போட்ட மூத்த பெண்ணின் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்காமல் வேறு இடம் பார்த்து, பிறகு நான்கு வருஷம் தள்ளி நடந்தது. பெரிய பையன் பத்தாவதோடு நின்று கடையில் வேலைக்குப் போனான். இப்போது சொந்தமாக வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் அவன் படித்திருக்க வேண்டிய பையன். இராக்கின் கடைசித் தவணை கொடுத்து முடிக்கப்பட்டது 2022 ஜனவரியில். மொத்தம் 5,240 கோடி டாலர். செய்தியைப் படித்தபோது என் மைத்துனர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கடைக்காரருக்கு ஜெனீவாவில் படிவம் கிடையாது. அவர் குவைத்தைப் பார்த்தவரில்லை. நஷ்டம் நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதில் தப்புச் சொல்ல முடியாது, எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். முதல் தவணை வந்த வாரம் மைத்துனர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். நானும் கூடப் போனேன். நின்றிருந்த பாக்கி 4,115. இவர் 5,000 வைத்தார். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எட்டு வருஷப் பக்கங்களையும் மறுபடி கூட்டிப் பார்த்து, ஒரு இடத்தில் 30 ரூபாய் இரண்டு தடவை எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துக் கழித்து, 4,085 எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒன்றும் பெரிய தர்மவான் அல்ல, எடையில் விரல் வைப்பார் என்று பேர். வட்டி வாங்கவில்லை. "நம்ம நோட்டுல அந்தப் பத்தியே இல்லீங்க" என்றார்.

அந்தப் பக்கம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. குறுக்குக் கோடு போட்டு '98 தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறார். அதே நோட்டில் குவைத் என்று போட்ட கணக்குகள் பத்தொன்பது. பதினாறில் குறுக்குக் கோடு இருக்கிறது. மூன்றில் இல்லை. குடியானத் தெருக் கணக்குகளில் எத்தனை தீர்ந்தன என்று பார்க்க முடியவில்லை, அந்தப் பக்கங்களில்தான் எலி கடித்திருக்கிறது.

கடைக்காரர் மகனிடம் நோட்டுகளை நானே எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊரில் யார் வீட்டிலாவது அந்தக் காலத்து அடகுச் சீட்டு, சீட்டுப் பணப் புத்தகம், அம்மானிலிருந்து எழுதிய கடிதம், மாற்ற முடியாமல் போன தினார் நோட்டு இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். சொல்லி அனுப்புங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். பெயர் யாருடையதையும் எழுத மாட்டேன்.